பதில் கார்டில் சாப்பாட்டுத் தேர்வு: அட்டை வீட்டுக்கு ஒன்று, தட்டு ஆளுக்கு ஒன்று

கல்யாண விருந்தில் ஆளாளுக்குத் தட்டு வைத்துப் பரிமாறுவதாக இருந்து, யாருக்கு என்ன வேண்டும் என்று முன்கூட்டியே கேட்க வேண்டியிருந்தால், அதைக் கேட்கும் இடம் அழைப்பிதழோடு போகும் பதில் கார்டுதான். உள்ளங்கை அளவு அட்டை. அதில் விழும் ஒரு டிக் குறி, சில வாரம் கழித்து, சமையலறை வழியாகச் சுற்றி, சரியான மேசையில் சரியான நாற்காலிக்கு முன்னால் தட்டாக வந்து இறங்க வேண்டும். வழியில் நடக்கும் குளறுபடிகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே: அட்டை வீட்டுக்கு ஒன்று போகிறது, தட்டோ ஆளுக்கு ஒன்று வேண்டும். வீட்டுக்கணக்கை ஆள்கணக்காக மாற்றும் வேலையை அட்டையே செய்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். இல்லையென்றால் அந்த வேலை கல்யாணத்துக்கு முந்தைய வாரம், வேறு ஆயிரம் வேலைக்கு நடுவே, மணமக்கள் தலையில் வந்து விழும்.

முதலில், கேட்கத்தான் வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பஃபே என்றால் அட்டையில் சாப்பாட்டு வரியே வேண்டாம். ஒவ்வாமை வரி மட்டும் போதும். பெரிய கிண்ணங்களை மேசை நடுவே வைத்து எல்லோரும் எடுத்துக்கொள்ளும் முறைக்கும் அதுவேதான். கேட்டுவிட்டு அந்தப் பதிலைப் பயன்படுத்தாமல் விடுவது, கேட்காமல் இருப்பதைவிட மோசம். மீனுக்கு டிக் போட்டவர் தனக்கென்று மீன் எடுத்து வைத்திருப்பார்கள் என்று நம்பி வருவார். வரிசையில் அவர் முறை வரும்போது மீன் தீர்ந்திருக்கும்.

தட்டில் பரிமாறினாலும் தேர்வைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. கோழி பாதி, மீன் பாதி என்று ஒரே தட்டில் இரண்டையும் சிறு அளவில் வைத்து எல்லோருக்கும் அதையே கொடுப்பது. இரட்டைத் தட்டு என்று சொல்லலாம். அப்போது மாமிசம் சாப்பிடாதவர்களையும் ஒவ்வாமை உள்ளவர்களையும் மட்டும் தனியே எண்ணினால் போதும். குறை என்னவென்றால், மீன் ஆகாதவருக்கு முழுத் தட்டையே மாற்ற வேண்டும். சமையல் குழுவுக்கும் தட்டுக்குத் தட்டு இரட்டை வேலை. ஆனாலும் கூட்டம் பெரியது, பட்டியலைப் பார்த்துக்கொள்ள நிதானமான ஆள் கிடைக்கவில்லை என்றால், அட்டையில் மூன்று கட்டம் போடுவதைவிட இது பாதுகாப்பு.

தேர்வு கொடுப்பது என்று முடிவானால், மாமிசத்தில் இரண்டு, மாமிசம் இல்லாதது ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். நாலாவது வகை விருந்தினருக்குத் தாராளமாகத் தெரியும். சமையலறையில் அது தனிக் கொள்முதல், தனித் தட்டம், தனிக் குழம்பு, தனி அலங்காரம். போதாததற்கு ஒவ்வொரு வகையிலும் கையிருப்பாகச் சில தட்டுகள் கூடுதலாகச் செய்தாக வேண்டும். வகை கூடக் கூட வீணாகும் தட்டும் கூடும், தப்பான தட்டு தப்பான ஆளிடம் போகும் வாய்ப்பும் கூடும்.

வகைகளின் பெயரை எப்படி எழுதுவது? முக்கியப் பொருள் முதலில், சமைத்த விதம் அடுத்து, ஆகாதவர்கள் இருக்கக்கூடிய பொருள் ஏதும் இருந்தால் அது கடைசியில். மூன்றிலிருந்து ஆறு சொல் போதும். ‘கோழி, அடுப்பில் வாட்டியது, காளான் குழம்புடன்’ என்றால் படிப்பவருக்கு ஒரு படம் வரும். வெறும் ‘மாமிசம்’ என்று எழுதினால் மாட்டிறைச்சியா, பன்றியா, ஆடா என்று தெரியாமல் பாதிப் பேர் மீனுக்குப் போவார்கள். அல்லது டிக் போட்டுவிட்டு அன்றைக்குத் தட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள். மறுபக்கம், உணவகப் பட்டியல் மாதிரி மூன்று வரி வர்ணனையும் வேண்டாம். குறிப்பாக மீனில் வகையின் பெயரை அச்சிடாதீர்கள். அந்த வாரம் அந்த மீன் கிடைக்காமல் வேறொன்று வாங்க நேரிடலாம். ‘மீன், வெண்ணெயில் வறுத்தது’ என்று போட்டுவிட்டால் சமையல்காரருக்குக் கொஞ்சம் இடம் இருக்கும், நீங்கள் சொன்ன சொல்லும் பொய்யாகாது.

மாமிசம் இல்லாத தட்டில்தான் கவனம் அதிகம் வேண்டும். சைவம் என்ற ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நகர முடியாது. சிலருக்கு அதில் முட்டை கிடையாது, சிலருக்கு உண்டு. சிலர் பாலும் தயிரும் சேர்ப்பார்கள், சிலர் தொட மாட்டார்கள். இன்னும் சிலர் மீனையே மாமிசக் கணக்கில் வைப்பதில்லை. அடைப்புக்குறிக்குள் நாலு சொல் சேர்த்துவிடுங்கள்: ‘காய்கறி (முட்டை, பால் இல்லை)’. எங்கள் அழுத்தமான யோசனை, இந்த ஒரு தட்டை முட்டையும் பாலும் இல்லாமலே திட்டமிட்டுவிடுங்கள் என்பதுதான். ஒரே தட்டு இருதரப்பாருக்கும் பொருந்தும். நாலாவது வகை தேவைப்படாது. மத விதிப்படி சமைத்ததுதான் சாப்பிடுவேன் என்பவர்களுக்கு இந்தத் தட்டு தானாகத் தீர்வு ஆகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். ஹலால், கோஷர் போன்றவற்றில் பொருள் மட்டுமல்ல, வெட்டிய விதம், பாத்திரம், சமையலறை எல்லாம் கணக்கில் வரும். அவர்களிடம் நேரில் கேட்டு, சமையல் குழுவால் முடியாது என்றால் வெளியிலிருந்து முத்திரையிட்ட பொட்டலமாகத் தருவித்துக் கொடுப்பதே மரியாதை.

இனி அட்டையின் அமைப்பு. பணம் கொடுத்து அச்சிடப்படும் அட்டைகளில் அடிக்கடி பார்ப்பது இது: மேலே பெயருக்கு ஒரு கோடு, நடுவில் வருகிறோம் / வர இயலவில்லை, கீழே கோழி, மீன், காய்கறி என்று மூன்று கட்டங்கள். தனி ஆளுக்கு இது சரி. தம்பதிக்குப் போனால், கோழியில் ஒரு டிக், மீனில் ஒரு டிக் என்று திரும்பி வரும். கோழி யாருக்கு, மீன் யாருக்கு? அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் பதில் கிடைக்காது. கட்டத்துக்குப் பதில் எண்ணிக்கை எழுதச் சொன்னாலும் (‘கோழி __ மீன் __’) சமையலறைக்குத் தேவையான மொத்தக் கணக்கு வரும்; மேசையில் யார் முன்னால் எதை வைப்பது என்பது வராது. இந்த இரண்டும் வெவ்வேறு தேவை. மொத்தத்தை வைத்து மீன் வாங்கலாம், பரிமாற முடியாது.

இதற்குப் பலரும் சொல்லும் மாற்று, கட்டத்துக்குப் பக்கத்தில் பெயரின் முதலெழுத்தை எழுதச் சொல்வது. ‘ஒவ்வொருவரின் முதலெழுத்தையும் அவரவர் தேர்வுக்கு எதிரே எழுதவும்’ என்று ஒரு வரி. இடம் மிச்சம், பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் கணவன் பெயரும் மனைவி பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கினால் உடைந்துவிடும். அண்ணன் தங்கை பெயர்களை ஒரே எழுத்தில் வைத்திருக்கும் வீடுகளில் நிச்சயம் உடையும். அந்த வரியைப் படிக்காமல் டிக் போட்டு அனுப்புவோரும் கணிசம். ஆகவே இடம் இருந்தால் ஆளுக்கு ஒரு வரிசை கொடுப்பதே நல்லது. இரண்டு பேர் வீட்டுக்கான அட்டை இப்படி இருக்கலாம்:

மே 23, சனிக்கிழமைக்குள் பதில் அனுப்பவும்.

பெயர் ______________________
☐ வருகிறேன்  ☐ வர இயலவில்லை
☐ கோழி  ☐ மீன்  ☐ காய்கறி (முட்டை, பால் இல்லை)
உணவு ஒவ்வாமை இருந்தால்: ______________________

பெயர் ______________________
☐ வருகிறேன்  ☐ வர இயலவில்லை
☐ கோழி  ☐ மீன்  ☐ காய்கறி (முட்டை, பால் இல்லை)
உணவு ஒவ்வாமை இருந்தால்: ______________________

இன்னும் ஒரு படி மேலே போய், பெயர்களை நீங்களே எழுதியோ அச்சிட்டோ அனுப்பலாம். எங்களைக் கேட்டால் இதுதான் ஆகச் சிறந்தது. அழைக்கப்படாதவர் பெயர் சேர்ந்து வருவது நிற்கும், கையெழுத்துப் புரியாத சிக்கல் தீரும், பெயரே எழுதாமல் திரும்பும் அட்டையும் இருக்காது. கூட யாரையாவது அழைத்து வரலாம் என்று சொல்லியிருக்கும் விருந்தினருக்கு இரண்டாவது வரிசையில் ‘உடன் வருபவர் பெயர்’ என்று அச்சிடுங்கள். அந்தப் பெயர் இல்லாமல் இருக்கை அட்டை எழுத முடியாது. இருக்கை அட்டை இல்லாமல் தட்டு போய்ச் சேராது.

ஒவ்வாமை வரியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். இடம் போதவில்லையென்றால் மற்ற எதையாவது எடுத்துவிட்டு இதை வையுங்கள். சாப்பாட்டுத் தேர்வு தவறினால் ஒருவருக்கு மனக்குறை, ஒவ்வாமை தவறினால் ஆம்புலன்ஸ். ‘சிறப்பு உணவுத் தேவை’ என்று பொதுவாகக் கேட்டால் ‘வெங்காயம் பிடிக்காது’ முதல் ‘கொஞ்சம் காரம் குறைவாக’ வரை எல்லாம் வரும். அதற்கு நடுவே நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர் எழுதிய ஒற்றைச் சொல் ஒளிந்துகொள்ளும். ‘உணவு ஒவ்வாமை’ என்று நேராகவே கேளுங்கள். எழுதி வந்த ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: சாப்பிட்டால் என்ன ஆகும்? அதே பாத்திரத்தில், அதே எண்ணெயில் பட்டாலும் ஆகாதா? இரண்டாவது கேள்விக்கு ஆமாம் என்றால் சமையல் குழு அவருக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனிப் பலகை ஒதுக்க வேண்டியிருக்கும்.

பொதுவாக எந்தெந்தப் பொருள்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்குச் சட்டப் பட்டியல்கள் உதவும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளில் 14 ஒவ்வாமைப் பொருள்கள் உள்ளன. அமெரிக்கச் சட்டத்தில் 9: பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, மரக்கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா, எள். இதில் எள் கட்டாயமானது 2023 ஜனவரி 1 முதல்தான். சமையல் குழுவிடம் உங்கள் மூன்று தட்டுகளையும் இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, எதில் எது இருக்கிறது என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் போனில் கேட்கும்போது ஊகிக்காமல் பதில் சொல்லலாம். குளூட்டன் (கோதுமை போன்ற தானியங்களில் உள்ள புரதம்) விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. சீலியாக் நோய் (குளூட்டன் சேர்ந்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) உள்ளவருக்குக் கோதுமைத் துணுக்கு விழுந்த குழம்புகூட ஆகாது. குளூட்டன் இல்லாதது என்று சொல்லச் சர்வதேச உணவுத் தரநிலையில் உள்ள வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். ரொட்டியைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டுக் கொடுப்பதெல்லாம் அதற்குள் வராது.

அட்டையின் அளவு, காகிதம் பற்றிச் சில வார்த்தை. வழக்கமான சிறிய அளவு 3.5 அங்குலத்துக்கு 5 அங்குலம். தனி ஆளுக்கு அது போதும். ஆளுக்கு ஒரு வரிசை என்று இரண்டு பேருக்குப் போடும்போது நெருக்கும், ஏ6 அளவுக்கு (105க்கு 148 மி.மீ.) போய்விடுங்கள், சி6 உறையில் கச்சிதமாக உட்காரும். குடும்பம் நாலு பேர் என்றால் பின்பக்கத்தையும் பயன்படுத்தி, முன்பக்கத்தின் அடியில் ‘பின்பக்கம் பார்க்கவும்’ என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் பாதி அட்டைகள் பின்பக்கம் வெறுமையாகத் திரும்பும். பெயர்க் கோடு 60 மி.மீ.க்குக் குறையக்கூடாது. கோட்டுக்கும் கோட்டுக்கும் 8 மி.மீ. இடைவெளி, கட்டம் 4 மி.மீ. சதுரம். எழுத்தின் அளவு 9 புள்ளிக்குக் (பாயின்ட்) கீழே போனால் வயதானவர்கள் கண்ணாடி தேடுவார்கள்.

பளபளப்பான பூச்சுக் காகிதம் கையில் அழகு, பேனாவில் மோசம். ஜெல் பேனா மை அதில் காயாமல் உறைக்குள் போய் இழுபடும், கோழிக்குப் போட்ட டிக் மீன் மேலும் அச்சாகி நிற்கும். பூச்சில்லாத 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) காகிதம் பாதுகாப்பு. அடர்நிற அட்டையில் வெள்ளை எழுத்து என்றால் விருந்தினரிடம் வெள்ளைப் பேனாவா இருக்கப்போகிறது? முழு அச்சுக்கு முன் ஒரு மாதிரி வாங்கி, பந்துமுனைப் பேனா, ஜெல் பேனா, பென்சில் மூன்றாலும் நிரப்பி, எழுதின உடனே உறையில் போட்டு எடுத்துப் பாருங்கள்.

எத்தனை அட்டை? ஆள் எண்ணிக்கைக்கு அல்ல, வீட்டு எண்ணிக்கைக்கு. 150 பேரை அழைத்தால் பெரும்பாலும் 75 முதல் 90 அட்டை வரும். அதோடு 15 சதவீதம் கூடுதலாக அச்சிடுங்கள். உறையில் அதைவிடக் கொஞ்சம் அதிகம், முகவரி எழுதும்போது பிழையாகும். பதில் உறையில் உங்கள் முகவரியை அச்சிட்டு ஸ்டாம்பும் ஒட்டி அனுப்பினால் வேகமாகத் திரும்பும். வெளிநாட்டு விருந்தினருக்கு இது செல்லாது. உங்கள் நாட்டு ஸ்டாம்பை ஒட்டி அங்கிருந்து அஞ்சல் செய்ய முடியாது. அவர்களுக்கு ஆன்லைன் படிவமோ மின்னஞ்சலோதான்.

குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்குத் தனி அட்டை அச்சிடுங்கள். எல்லா அட்டையிலும் ‘சிறுவர் உணவு’ என்று கட்டம் போட்டால் இரண்டு விளைவு வரும். குழந்தைகளை அழைக்காத இடத்திலிருந்து குழந்தைகள் வருவதாகப் பதில் வரும். குழந்தைச் சாப்பாடே தனக்குப் பிடிக்கும் என்று டிக் போடும் பெரியவர் ஒருவராவது இருப்பார். எந்த வயது வரை சிறுவர் தட்டு என்பதைச் சமையல் குழுவிடம் கேட்டு அந்த வயதை அட்டையிலேயே எழுதிவிடுங்கள். கைக்குழந்தைக்குத் தட்டு இல்லை, ஆனால் நாற்காலி உண்டு. அதையும் எண்ண வேண்டும். புகைப்படக்காரர், வீடியோ எடுப்பவர், இசைக் குழுவினர் ஆகியோருக்கு அட்டை போகாது, ஆனால் சாப்பாடு வேண்டும். இந்தக் கணக்கை மறப்பவர்கள் அதிகம். ஐந்தாறு மணி நேரம் நின்றபடி வேலை செய்பவர்களைப் பசியோடு விடுவது நியாயமில்லை. அவர்களிடம் நேரடியாகக் கேட்டு, பட்டியலில் தனிப் பகுதியாகச் சேர்த்துவிடுங்கள்.

தேதிகளைப் பின்னாலிருந்து கணக்கிட வேண்டும். கல்யாணம் ஜூன் 20 சனிக்கிழமை என்று வையுங்கள். சமையல் குழு இறுதி எண்ணிக்கையைப் பெரும்பாலும் 7 முதல் 14 நாள் முன்னால் கேட்கும். 10 நாள் என்றால் ஜூன் 10. இருக்கைத் திட்டம் போட 5 நாள். அதற்கு முன் பதில் வராதவர்களைத் துரத்த ஒரு வாரம் முதல் பத்து நாள். ஆக, அட்டையில் எழுத வேண்டிய கடைசித் தேதி மே 23, அதாவது 4 வாரம் முன்னால். அழைப்பிதழ் அஞ்சலில் போக வேண்டியது 8 வாரம் முன்னால், ஏப்ரல் 25 வாக்கில். அச்சகத்துக்குக் கொடுப்பது அதற்கும் நாலு வாரம் முன்பு. உணவு வகைகள் முடிவாகாமல் அட்டை அச்சுக்குப் போகக்கூடாது. ருசி பார்க்கும் நாளை மார்ச் நடுவிலேயே வைத்துவிடுங்கள். அச்சிட்ட பிறகு மீன் சரியில்லை என்று மாற்றினால் திரும்ப வந்த அத்தனை டிக்கும் வீண். கடைசித் தேதியைக் கிழமையோடு எழுதுங்கள். வெறும் எண்ணைவிடக் கிழமை மனதில் நிற்கும்.

அட்டைகளை அனுப்பும் முன் ஒவ்வொன்றின் பின்பக்க மூலையிலும் பென்சிலால் சிறியதாக ஒரு எண் போடுங்கள். அதே எண் உங்கள் விருந்தினர் பட்டியலில் அந்த வீட்டுக்கு எதிரே இருக்கட்டும். பெயர் எழுதாமல், மீனுக்கு மட்டும் அழகாக டிக் போட்டுத் திரும்பி வரும் அட்டை நிச்சயம் இருக்கும். அப்போது இந்த எண் ஒன்றே துணை.

பட்டியலை எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசை ஒரு ஆள். ஒரு வீடு அல்ல. நெடுவரிசைகள்: அட்டை எண், பெயர், வருகை, உணவுக் குறி, ஒவ்வாமை, மேசை எண், அட்டை வந்த தேதி. உணவுக் குறிக்கு ஒரே எழுத்து: கோ, மீ, கா, சி (சிறுவர்), இ (தட்டு இல்லை). ஓரிடத்தில் ‘கோழி’, இன்னோரிடத்தில் ‘கோ’, மற்றொன்றில் பின்னால் ஒரு வெற்றிடம் என்று இருந்தால் கூட்டல் தப்பும். கீழ்விரியும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. கவுன்ட்இஃப் சூத்திரம் வகைவாரியாக எண்ணித் தரும், பிவட் டேபிள் மேசைவாரியாகப் பிரித்துத் தரும்.

வாரம் ஒருமுறை ஒரே ஒரு சரிபார்ப்பு போதும்: வருகிறேன் என்றவர்களின் எண்ணிக்கையும் உணவுக் குறிகளின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். கோழி 61, மீன் 38, காய்கறி 24, சிறுவர் 6, தட்டு இல்லாத கைக்குழந்தை 3, மொத்தம் 132. வருகை நெடுவரிசையிலும் 132 வர வேண்டும். ஒன்று குறைந்தால் யாரோ வருகிறேன் என்று மட்டும் டிக் போட்டு உணவை விட்டுவிட்டார். ஒன்று கூடினால் வர இயலவில்லை என்று போட்டவர் உணவிலும் டிக் போட்டிருக்கிறார், அல்லது ஒருவர் இரண்டு கட்டத்திலும் போட்டிருக்கிறார். அட்டை கைக்கு வந்த அன்றே பட்டியலில் ஏற்றினால் உடனே போன் செய்து கேட்டுவிடலாம். குவித்துவைத்து ஒருநாள் உட்கார்ந்து ஏற்றினால் கேள்விகளும் குவிந்து நிற்கும்.

கேட்கும் விதமும் முக்கியம். ‘நீங்கள் உணவைக் குறிப்பிடவில்லை’ என்று குறை சொல்வது போல் ஆரம்பிக்காமல், ‘பெரியம்மா, உங்களுக்கு மீன் எடுத்து வைக்கவா, கோழியா?’ என்று கேட்டால் அரை நிமிடத்தில் முடியும். மூன்று முறை முயன்றும் ஒருவர் கிடைக்கவில்லை என்றால் காய்கறித் தட்டை அவர் பெயருக்கு எழுதுங்கள். அதிகம் பேர் கேட்டது கோழி என்பதால் கோழியைப் போடலாம் என்று தோன்றும். ஆனால் கோழித் தட்டைத் தொட முடியாதவர் இருக்கலாம், காய்கறித் தட்டைத் தொட முடியாதவர் அரிது.

ஆன்லைன் படிவம் வைத்தால் மேலே சொன்ன பிழைகளில் பாதியைத் தடுக்கலாம். கூகுள் ஃபார்ம்ஸில் உணவுக் கேள்வியைக் கட்டாயக் கேள்வியாக்குங்கள். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் வகையாக வையுங்கள், பலவற்றில் டிக் போடும் வகை வேண்டாம். வர இயலவில்லை என்றவரை நேராகக் கடைசிப் பகுதிக்கு அனுப்பும் வசதி அதில் இருக்கிறது. ஆளுக்கு ஒருமுறை நிரப்பச் சொல்லுங்கள். வீட்டுக்கு ஒன்று என்று விட்டால், பெயர்ப் பெட்டியில் நாலு பேர் பெயரையும் எழுதிவிட்டு உணவில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். காகிதத்தில் இருந்த அதே முடிச்சு கணினிக்கு வந்து சேரும். அட்டையும் படிவமும் இரண்டும் வைத்தால் சிலர் இரண்டிலும் பதில் தருவார்கள், சில சமயம் இரண்டிலும் வேறு வேறாக. பிந்திய தேதியுள்ளது செல்லும் என்று முன்பே முடிவுசெய்து கொள்ளுங்கள்.

சமையலறைக்கு எண்ணிக்கை ஏன் இவ்வளவு துல்லியமாக வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டால் கடைசி நேர மாற்றங்களைக் கேட்கவே தயக்கம் வரும். மீன் துண்டுகள் ஆளுக்கு ஒன்று என்று எண்ணி வெட்டி வாங்கப்படுகின்றன. உறைந்ததாக இருந்தால் முந்தின நாளே குளிர்பெட்டியில் இளக வைக்க வேண்டும். குழம்போடு இருக்கும் கோழியைச் சமைத்து 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூட்டுப் பெட்டியில் சிறிது நேரம் வைத்திருக்கலாம், பெரிதாகக் கெடாது. மீன் அப்படியில்லை. சூட்டில் நின்றால் வறண்டு உதிரும், ஆகவே பரிமாறுவதற்குச் சற்று முன்னால்தான் அடுப்பேறும். மீன் வேண்டாம், கோழி கொடுங்கள் என்பது நடக்கக்கூடியது; கோழி வேண்டாம், மீன் கொடுங்கள் என்பது கூடுதல் துண்டு இருந்தால் மட்டுமே. கூடுதல் தட்டு எத்தனை செய்வார்கள், எந்த வகையில் என்பதைச் சமையல் குழுவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவர்கள் ஏற்கெனவே கூடுதல் வைத்திருக்க, நீங்களும் உங்கள் பங்குக்கு எண்ணிக்கையை ஏற்றிக் கொடுத்தால் இரட்டைச் செலவு.

அவர்களிடம் கொடுக்கும் தாள் ஒரே பக்கமாக இருக்கட்டும். மேலே மொத்தங்கள். நடுவில் மேசைவாரி: மேசை 4, கோழி 4, மீன் 2, காய்கறி 2, ஆக 8. கீழே சிறப்புத் தட்டுகள், ஒவ்வொன்றும் பெயர், மேசை, இருக்கை எண், என்ன ஆகாது என்ற விவரத்தோடு. முழு எக்செல் கோப்பை அனுப்பாதீர்கள். முகவரியும் போன் எண்ணும் அவர்களுக்குத் தேவையில்லை. 132 வரிசைக்கு நடுவில் நிலக்கடலை என்ற சொல்லைத் தேட அந்த நேரத்தில் யாருக்கும் கண் இருக்காது.

கடைசிக் கண்ணி இருக்கை அட்டை. எந்த மேசை என்று மட்டும் சொல்லும் அட்டையை வாசலில் கொடுத்து, மேசையில் விரும்பிய நாற்காலியில் உட்காரச் சொன்னால், பரிமாறுபவர் ஒவ்வொருவரிடமும் குனிந்து கேட்க வேண்டியிருக்கும். ஒரு மாதத்துக்கு முன் என்ன எழுதினோம் என்று பலருக்கு நினைவிருக்காது. பக்கத்துத் தட்டில் மீன் வாசனை நன்றாக இருந்தால் நானும் மீன்தான் சொன்னேன் என்பார்கள், வேண்டுமென்றே பொய் சொல்லி அல்ல, நிஜமாகவே அப்படி நினைத்து. நாற்காலிக்கு ஒரு பெயர் அட்டை, அதன் மூலையில் உணவுக் குறி என்று வைத்துவிட்டால் யாரையும் கேட்க வேண்டாம். இருக்கையை நிர்ணயிக்க விருப்பமில்லையென்றால், வாசலில் கொடுக்கும் மேசை அட்டையிலேயே குறியைப் போட்டு, அதை உட்காரும் இடத்தில் தட்டுக்கு மேலே வைக்கும்படி சொல்லுங்கள்.

குறி நிறத்தில் மட்டும் இருக்கக்கூடாது. மங்கிய மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பும் பழுப்பும் ஒன்றாகத் தெரியும். நிறம் பிரித்தறிய முடியாதவர்களும் பரிமாறுபவர்களில் இருப்பார்கள். வடிவமும் வேறாக இருக்கட்டும்: கோழிக்கு வட்டம், மீனுக்கு முக்கோணம், காய்கறிக்கு இலை. அளவு 8 மி.மீ.க்குக் குறையாமல், நின்றபடி பார்த்தால் தெரியும்படி. பூ அலங்காரமும் மெழுகுவத்தியும் அட்டையை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறிகளின் விளக்கத்தை முந்தின நாளே பரிமாறும் குழுவின் தலைவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வாமைத் தட்டுக்கு மேசைக் குறி மட்டும் போதாது. தட்டின் மேல் பெயர்ச்சீட்டோடு, ஒரே ஆள் சமையலறையிலிருந்து எடுத்து, அந்த விருந்தினரிடம் பெயர் கேட்டு உறுதிசெய்து வைக்க வேண்டும்.

அன்றைக்குப் பட்டியலின் அச்சுப்படி இரண்டு வையுங்கள். ஒன்று பரிமாறும் குழுத் தலைவரிடம், ஒன்று உறவில் நிதானமான ஒருவரிடம். மணமக்களிடம் வேண்டாம், அவர்களைக் கேள்வி கேட்டு யாரும் மேடைக்கு வரக்கூடாது. முதல் தட்டு வெளியே வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் அந்த உறவுக்காரர் ஒவ்வாமை உள்ளவர்களின் இருக்கைகளை மட்டும் ஒரு சுற்று பார்த்துவர வேண்டும், யாராவது இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்களா என்று. மாறியிருந்தால் எழுப்ப வேண்டியதில்லை. பெயர் அட்டையை அவர் இருக்கும் இடத்துக்கு நகர்த்தி, புதிய இருக்கை எண்ணைப் பரிமாறும் தலைவரிடம் சொல்லி, இரண்டு தாளிலும் திருத்திவிட வேண்டும்.